விலகும் நீரின் விளிம்பு

சேலம் மாவட்டத்துக்காரர்களுக்கு நாளிதழைப் பிரித்ததும் கண் முதலில் தேடும் எண் ஒன்று உண்டு: மேட்டூர் அணையின் நீர்மட்டம். 120 அடி என்று இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவோம். பதினாறு கண் மதகில் உபரிநீர் பாய்வதைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாகக் கிளம்புவோம். எண் சரியத் தொடங்கினால் பேச்சு குறையும். இன்னும் சரிந்தால், நீருக்கு மேலே பண்ணவாடி நந்தியின் முதுகு தெரியும் படம் முதல் பக்கத்துக்கு வரும். அந்தப் படம் வந்துவிட்டால் தஞ்சாவூர் வரைக்கும் கலக்கம்.

அதே எண்ணை நான் இன்னொரு கணக்கிலும் வாசிக்கப் பழகியிருக்கிறேன். நீர் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எவ்வளவு கரை வெளிப்பட்டிருக்கிறது என்பதையும் அது சொல்கிறது. வடக்கேயிருந்து வரும் சின்னஞ்சிறு பறவைகளுக்கு அந்த இரண்டாவது கணக்குதான் வாழ்வு.

அணையின் கட்டுமானம் 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. அத்தனை நீரைத் தேக்குவதற்கு ஆற்றோர ஊர்கள் அடியில் போயின. பண்ணவாடி மக்கள் மேட்டுக்கு ஏறினார்கள். ஜலகண்டேசுவரர் கோயிலும் அதன் நந்தியும் இரட்டைக் கோபுரத் தேவாலயமும் கீழேயே நின்றுவிட்டன. நீர் இறங்கும் ஆண்டுகளில் முதலில் தேவாலயக் கோபுரம் தலைகாட்டும். அதற்குப் பிறகுதான் நந்தி.

ஜூன் 12இல் பாசனத்துக்குத் திறப்பதும் ஜனவரி 28இல் மூடுவதும் இங்கே மரபு. நல்ல மழை ஆண்டென்றால் கேரளத்தின் வயநாட்டிலும் கர்நாடகத்தின் குடகிலும் பெய்தது கபினி வழியாகவும் காவிரி வழியாகவும் வந்து சேர்ந்து, ஆடி ஆவணியில் அணை நிரம்பும். வடகிழக்கு மழை ஓய்ந்த பிறகு மார்கழியிலும் தையிலும் மட்டம் விறுவிறுவென்று இறங்கும். மதகை மூடியபின் குடிநீருக்கு மட்டும் விடுவார்கள். மீதியை வெயில் குடிக்கும். எல்லா ஆண்டும் இந்தக் கணக்குப்படி நடப்பதில்லை. 2023இல் ஜூன் 12 அன்று திறந்த நீரை அக்டோபரிலேயே நிறுத்தவேண்டி வந்தது. 2024இல் ஜூன் கடந்து, ஜூலைக் கடைசியில்தான் திறந்தார்கள். அடுத்த ஓரிரு நாளில் அணை நிரம்பியே விட்டது. காவிரி நடுவர் மன்றத்தின் 2007ஆம் ஆண்டு இறுதித் தீர்ப்பு, பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று வரையறுத்த 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதையடுத்து அமைந்த மேலாண்மை ஆணையத்தின் கூட்டங்கள் எல்லாம் சேர்ந்து முடிவுசெய்வதைத்தான் பண்ணவாடிக் கரையில் கரையோரப் பறவையான ஓர் உள்ளான் தன் காலடியில் உணர்கிறது.

பண்ணவாடி கொளத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து எதிர்க்கரை நாகமறைக்குப் பரிசல் போகும். அணைச் சுவரின் அருகே நீர் ஆழமாகவும் கரை செங்குத்தாகவும் இருப்பதால் அங்கே நின்றால் நீர்க்காகங்கள்தான் தெரியும். இந்தப் பக்கத்தில் பழைய வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் அடியில் கிடப்பதால் தரை மெல்லச் சரிகிறது. 200 அடிக்கு ஓரடி சரியும் நிலத்தில் நீர் ஓரடி இறங்கினால் 200 அடி அகலத்துக்குச் சேறு வெளிப்படும். அணைப்பொறியாளரின் பதிவேட்டில் ஓரடி என்று இருப்பது இங்கே ஒரு புதிய வயல்.

அந்த வயலைத் தொலைநோக்கியில் பார்ப்பதற்குக் காலை ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும். அதற்கப்புறம் கானல் எழுந்து, சேறும் பறவையும் ஒன்றாக நடுங்கும். முதல் பார்வையில் எதுவும் தெரியாது. சாம்பல் நிறத் தரைமேல் சாம்பல் நிறப் புள்ளிகள், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கண்ணை எடுக்காமல் இருந்தால் புள்ளிகள் நகர்வது தெரியும். இன்னும் பொறுத்தால் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வரிசையில் நகர்வது புரியும்.

நீரிலிருந்து சற்றுத் தள்ளி, மேற்பரப்பு பொருக்குத் தட்டத் தொடங்கிய இடத்தில் பட்டாணி உப்புக்கொத்திகள். ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து குத்தும், மறுபடி ஓடும். தலைக்குப் பெரிதான கண்கள் அவற்றுக்கு. பார்த்து இரை பிடிக்கிற கூட்டம். அடுத்தது, கால் வைத்தால் நீர் ஊறும் ஈரச்சேறு. அது கொசு உள்ளான்களுடையது. தலை நிமிராமல் குத்திக்கொண்டே நகரும். அதையும் தாண்டிக் கணுக்காலளவு நீரில் பொரி உள்ளான் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். முழங்காலளவு நீரில் பச்சைக்காலி மீன்குஞ்சுகளைத் துரத்தி ஓடும். சிவந்த நீள்கால்களோடு நெடுங்கால் உள்ளான்கள் அதற்கும் அப்பால். கடலோரத்தில் கூட்டமாகத் திரியும் கருவால் மூக்கன் இங்கே எப்போதாவதுதான் வரும். வந்தால் வயிறு நனையும் ஆழத்தில் நின்று முகத்தை முழுக்க நீருக்குள் விட்டுவிடும்.

காலின் உயரமும் அலகின் நீளமும் பிரித்துக் கொடுத்த பாகங்கள் இவை. மூக்கனுக்கும் விசிறிவால் உள்ளானுக்கும் அலகின் நுனியெலும்பில் நுண்ணிய குழிகள் இருக்கின்றன. அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் அவற்றுக்குள் உள்ளன. இருட்டுச் சமையலறையில் பானைக்குள் கைவிட்டு எவ்வளவு அரிசி மிச்சம் என்று அறியும் விரல்களைப்போல் அந்த அலகு சேற்றுக்குள் புழு இருக்குமிடத்தை அறியும். அலகு முழுவதையும் திறக்காமல் நுனியை மட்டும் பிளந்து பிடிக்கவும் அவற்றால் முடியும்.

இந்தப் பந்தியின் முக்கியமான விதி பார்த்துப் பார்த்துத்தான் எனக்குப் புலப்பட்டது. சேறு இருந்தால் மட்டும் போதாது. அது புதிதாக வெளிப்பட்ட சேறாக இருக்க வேண்டும். கொசு போன்ற பூச்சிகளின் சிவந்த புழுக்களும் சிறு நத்தைகளும் நீருக்கடியில் இருக்கும்வரைதான் பெருகும். நீர் விலகிய ஓரிரு நாளில் தரை இறுகிவிடும். அலகு இறங்காது, புழுவும் ஆழத்துக்குப் போய்விடும் அல்லது செத்துப்போகும். நேற்றைய விளிம்பு இன்று வெறும் தரை. நீர்மட்டம் அசையாமல் நின்றாலும் விளிம்பில் உள்ளதைத் தின்று தீர்த்துவிட்டுப் பறவைகள் வேறிடம் தேடும். நாளுக்குச் சில அங்குலம் என்று நிதானமாக நீர் பின்வாங்கிக்கொண்டே இருக்கும் காலம்தான் இவற்றுக்குச் செழிப்பு. நமக்கு வறட்சியாகத் தெரிவதன் முதல் பாதி இவற்றுக்கு அறுவடை. எல்லாம் வற்றிப்போனால் இவற்றுக்கும் பட்டினிதான்.

கொசு உள்ளானைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் 30 கிராமுக்கும் குறைவான எடை. முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது வடதுருவத்தை ஒட்டிய ஸ்காண்டிநேவியாவிலிருந்து சைபீரியா வரை நீளும் மரமற்ற சமவெளியில். சைபீரியாவின் தைமீர் தீபகற்பத்திலிருந்து மேட்டூர் வரை நேர்கோட்டில் அளந்தாலே ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர். வளர்ந்த பறவைகள் முதலில் கிளம்பிவிடும். அந்த ஆண்டுப் பிறந்தவை சில வாரம் கழித்து, வழி தெரிந்த மூத்தவை உடனில்லாமல் புறப்படும். செப்டம்பர், அக்டோபரில் வரும் இளம் பறவைகளை அடையாளம் காணலாம். இறகுகளின் விளிம்பெல்லாம் செம்பழுப்பாக, புதுத் துணி போர்த்தியதுபோல் பளிச்சென்று இருக்கும். முதுகில் இரண்டு வெள்ளைக் கோடுகள் கீழே சேர்ந்து கூர்முனையாகும்.

அந்தக் கோடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிலைகொள்வதில்லை. ஜூலையில் பிறந்த ஒன்று. பிறந்த நாளே கூட்டைவிட்டு எழுந்து நடந்து தன் இரையைத் தானே பிடித்த ஒன்று. ஒருமுறையும் போகாத வழியில், காணாத நாடுகளுக்கு மேல் பறந்து, நந்தி முழுகிக் கிடக்கும் இந்த நீரின் ஓரத்தில் இறங்கி நிற்கிறது. எந்தத் திசையில், எத்தனை நாள் என்பது அதன் உடலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் மேட்டூர் அதற்குள் இருக்க வழியில்லை. இந்த நீர்த்தேக்கத்துக்கு வயது நூறுகூட ஆகவில்லை. இந்தப் பயணம் அதைவிட எத்தனையோ மடங்கு பழையது. ஆற்றின் மணல்திட்டுகளை நம்பி வந்த தலைமுறைகளுக்குப் பிறகு ஒரு தலைமுறைக்கு இங்கே திடீரென்று ஒரு பெரிய ஏரி தெரிந்திருக்கும். அவை இறங்கிப் பார்த்திருக்கின்றன, இரை இருந்திருக்கிறது, தங்கியிருக்கின்றன. நாம் யாருக்காகவோ கட்டியதில் நம்மைக் கேட்காமல் ஓர் இடம் தேடிக்கொண்டவை. அவை கேட்காததாலேயே நமக்குப் பொறுப்பு இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

நீர் விலகிய நிலத்தில் மனிதர்களும் விதைக்கிறார்கள். எள், சோளம், நிலக்கடலை, கொஞ்சம் ராகி. வண்டல் படிந்த மண் என்பதால் உரம் அதிகம் வேண்டியதில்லை. ஒரு பங்குனிக் காலையில், எள்ளுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

“ஏந் தம்பி, விடிஞ்சதுலருந்து அந்தச் சேத்தயே பாத்துக்கிட்டிருக்க. அங்க என்னதான் தெரியுது?”

“வாங்கம்மா, நீங்களும் பாருங்க.”

கையைப் புடவையில் துடைத்துவிட்டுத் தொலைநோக்கியில் ஒரு கண்ணை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

“இத்துனூண்டு. தெனமும் கால்ல மிதிபடற மாதிரி ஓடும், இப்பத்தான் மூஞ்சியப் பாக்கறேன். எந்த ஊருது இது?”

“ரஷ்யாவுல, வடக்குக் கோடியில இருந்து வருதும்மா. அங்க இப்பப் பனி மூடி மண்ணெல்லாம் கல்லா இருக்கும். குத்தித் திங்க முடியாது.”

“அப்ப இதுவும் நம்மளாட்டந்தான். தண்ணி எறங்குனாத்தான் வெள்ளாம. கீழ்ச்சீமக்காரங்க தண்ணி நெறயணும்னு சாமி கும்புடுவாங்க, நாங்க கொஞ்சம் எறங்கணும்னு கும்புடுவோம். சாமி யாரு பேச்சக் கேக்கும், சொல்லு?”

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. காவிரி வழக்கின் வாதங்கள் அவ்வளவிலும் நான் வாசிக்காத ஒரு தரப்பு அவருடையது. டெல்டாவின் நெல்லுக்கு நீர் இங்கிருந்து போக வேண்டும். அது போனால்தான் இவருடைய எள்ளுக்கு நிலம் வெளிவரும். பரிசலில் வலை வீசுகிறவருக்கோ நீர் நின்றால்தான் நல்லது. உள்ளான் பெரியம்மாவின் கட்சி. அவர் விதைக்கும் நிலத்துக்கும் அது மேயும் சேற்றுக்கும் பட்டா கிடையாது. இரண்டும் அடுத்த வெள்ளத்தில் காணாமல் போகும்.

சேற்றுக்கும் ஊருக்கும் நடுவே இருக்கும் புதரைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. சீமைக் கருவேலமும் கருவேலமும் நாணலும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடர்ந்த ஒரு பட்டை அது. ‘சுத்தம் செய்ய வேண்டிய இடம்’ என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அங்கே காதைக் கொடுத்தால் ‘டக், டக்’ என்று நாக்கால் தட்டுவதுபோல் ஓர் ஒலி வரும். நாணல் கதிர்க்குருவி. உடம்பு முழுக்க ஒரே மங்கிய பழுப்பு, புருவத்தில் மட்டும் சின்ன வெளிர்கோடு. எடை 12 கிராம் அளவில் இருக்கும். பின்லாந்திலிருந்து சைபீரியா வரை கூடு கட்டிவிட்டுக் குளிர்காலத்துக்கு இந்தியா வருகிறது. பகலில் கண்ணில் படுவதே அரிது. அது வழிநடப்பதோ இரவில். பாடும் பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் வலசை போகின்றன. விண்மீன்கள் சுழலும் மையத்தை இளம் பறவைகள் கண்டு மனத்தில் இருத்துகின்றன என்பதை ஸ்டீபன் எம்லென் 1960களில் கோளரங்கத்துக்குள் பறவைகளை வைத்துச் சோதித்துக் காட்டினார். பூமியின் காந்தப்புலத்தையும் அவை உணரும் என்பதை அதே காலத்தில் ஜெர்மனியில் வோல்ஃப்காங் வில்ச்கோ நிறுவினார்.

இங்கே வந்தபின் அவை ஊர்சுற்றுவதில்லை. கதிர்க்குருவிகளில் பல தனித்தனியாக ஒரு சில மரங்களையோ புதர்களையோ தமக்கென்று வைத்துக்கொண்டு, உள்ளே வரும் தன் இனத்தையே விரட்டும். தமிழ்நாட்டில் களக்காடு–முண்டந்துறைக் காடுகளில் 1990களில் மதுசூதன் கட்டி இத்தகைய கதிர்க்குருவிகளின் குளிர்கால வாழ்வை ஆராய்ந்திருக்கிறார். ஆகவே ‘இந்தப் புதரை வெட்டினால் பறவை பக்கத்துப் புதருக்குப் போய்விடும்’ என்று சொல்வது பொருந்தாது. பக்கத்துப் புதரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.

புதரின் உச்சியில் பழுப்புக் கீச்சான் உட்கார்ந்திருக்கும். வெளியே புல் முளைத்த இடத்தில் மேயும் மாடுகளின் குளம்படியில் மஞ்சள் வாலாட்டிகள் ஓடும். மாடு நகர்ந்தால் எழும் பூச்சிதான் அவற்றுக்கு வேண்டும். நீருக்குமேல் தகைவிலான்கள். சில ஆண்டுகளில் சூறைக்குருவிகள் பெருங்கூட்டமாக இறங்கிக் கருவேல மரத்தையே இளஞ்சிவப்பாக்கிவிடும். இவை ஒவ்வொன்றைப் பற்றியும் தனியே எழுதலாம். எனக்கு இங்கே வேண்டியது ஒன்றுதான்: உள்ளானுக்குச் சேற்று விளிம்பு, கதிர்க்குருவிக்குப் புதர் விளிம்பு. இரண்டும் நீரின் நடுவில் இல்லை, ஊரின் நடுவிலும் இல்லை. இரண்டுக்கும் இடையிலான, யாருக்கும் வேண்டாத பட்டையில் இருக்கின்றன.

அந்தப் பட்டையைத்தான் நாம் அழித்துக்கொண்டிருக்கிறோம். அதுவும் நல்லது செய்வதாக மனதார நம்பி. எங்கள் பக்கத்து நகரம் ஒன்றில் ஏரியைப் புதுப்பித்தார்கள். பொக்லைன் இறங்கி அடியை ஒரே மட்டமாகத் தோண்டியது. தோண்டிய மண்ணால் கரையை உயர்த்திச் செங்குத்தாக்கிக் கருங்கல் பதித்தார்கள். புதரெல்லாம் போய், வண்ணக் கற்கள் பதித்த நடைபாதையும் இரவெல்லாம் எரியும் விளக்குகளும் வந்தன. மழை பெய்தது, ஏரி நிரம்பியது, மாலையில் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளின் மகிழ்ச்சி எனக்கும் மகிழ்ச்சி. அங்கே நாமக்கோழிகளும் முக்குளிப்பான்களும் இன்னும் நீந்துகின்றன. முன்பு குளிர்காலம்தோறும் நான் அங்கே பார்த்த பொரி உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கதிர்க்குருவிகளும் வருவதில்லை. கல் பதித்த கரையில் நீர் பத்தடி இறங்கினாலும் விளிம்பு விரிவதில்லை. சுவரின் ஈரம்தான் கீழே போகிறது.

தூர்வாருவதை நான் எதிர்க்கவில்லை. மேட்டூர் அணையிலேயே, கட்டி எண்பது ஆண்டுகளுக்கு மேலான பிறகு 2017இல்தான் முதன்முறையாகத் தூர்வாரினார்கள். வண்டல் உழவருக்குப் போனது, அது முறையும்கூட. என் வேண்டுதல் தோண்டும் வடிவத்தைப் பற்றியது. ஆழம் வேண்டுமென்றால் ஒரு பக்கம் ஆழப்படுத்துங்கள். இன்னொரு பக்கத்தை, நீர் வரும் வாய்க்காலை ஒட்டிய பகுதியை, பழைய சரிவிலேயே விடுங்கள். அங்கே கல்லும் விளக்கும் வேண்டாம். சீமைக் கருவேலத்தை எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரே நாளில் மொட்டையடிக்காமல், நாட்டுக் கருவேலமும் நாணலும் எழும்பும்வரை பகுதி பகுதியாக எடுங்கள். பழைய ஏரிகளை வெட்டியவர்கள் ஒரு பக்கம் மட்டும் கரை போட்டார்கள். மறுபக்கம் நீர் நிலத்தோடு கலந்து தன் போக்கில் ஏறி இறங்கியது. வேடந்தாங்கலையும் கூந்தன்குளத்தையும் போய்ப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

அவசரம் இருக்கிறது. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023இல் வெளியான அறிக்கையில், நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்திருப்பது தெரிந்தது. நெடுந்தொலைவு வலசை போகிறவையும் கரையோரப் பறவைகளும் அதிகம் அடிபட்டவற்றுள் அடக்கம். ஓர் உள்ளானுக்கு வழியெல்லாம் இப்படி எத்தனையோ விளிம்புகள் தேவை. ஓரிடத்தில் அது கொழுப்புச் சேர்க்கத் தவறினால் அடுத்த இடத்துக்குப் போய்ச் சேராது. எந்த நாட்டில் சங்கிலி அறுந்தது என்று அதனால் வந்து சொல்லவும் முடியாது.

ஏப்ரலில் பண்ணவாடியில் வேறொரு பரபரப்பு. கொசு உள்ளானின் சாம்பல் முதுகு செம்பழுப்பாக மாறத் தொடங்கும். காலை முழுக்கத் தின்னும்; வயிறு உருண்டு தெரியும். குளிர்காலமெல்லாம் ‘டக்’ என்பதோடு நிறுத்திக்கொண்ட நாணல் கதிர்க்குருவி புதருக்குள் மெல்லிய குரலில் பாடிப் பார்க்கும். மற்றப் பறவைகளின் குரல்களையெல்லாம் தன் பாட்டில் கோத்து இரவு முழுக்கப் பாடக்கூடியது அது. அந்த முழுப் பாட்டைக் கேட்கிறவர்கள் பின்லாந்துக்காரர்கள். நமக்குக் கிடைப்பது ஒத்திகை மட்டும். எனக்கு அதுவே பெரிய பேறு. மே மாதத்துக்குள் பெரும்பாலானவை போய்விடும்.

போன இடத்தில் கொசு உள்ளான் வழக்கமாக நான்கு முட்டையிடும். அதில் எத்தனை குஞ்சு பிழைக்கும் என்பது லெம்மிங் என்னும் சிற்றெலியைப் பொறுத்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தச் சமவெளியில் லெம்மிங்குகள் பெருகும். அப்போது துருவ நரி வயிறார அவற்றைத் தின்று பறவைக்குஞ்சுகளை விட்டுவைக்கும். லெம்மிங் குறைந்த ஆண்டில் நரி கூடுகளைத் தேடி அலையும். வளர்ந்த பறவைகள் ஜூலையிலேயே தெற்கு நோக்கிக் கிளம்பும். பிழைத்த குஞ்சுகள் பின்னால் வரும். முதுகில் வெள்ளைக் கோடு போட்ட இளம் பறவைகள் இந்தப் புரட்டாசியில் எத்தனை வரும் என்பது தைமீரின் எலிகள் கையில். வந்தவை பண்ணவாடியில் இறங்கச் சேறு இருக்குமா என்பது ஆடியில் வயநாட்டில் எவ்வளவு பெய்கிறது, டெல்டாவுக்கு எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.